அஞ்சலில் வந்த பட்டமும் மாநில எல்லையும்

தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த ஊர் மூங்கில்துறைப்பட்டு. ஆற்றைக் கடந்து வடக்கே சென்றால் திருவண்ணாமலை மாவட்டம். இக்கரையோ பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாயிற்று. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. இவ்வூர்ப் பெரியவர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையை விட்டு எழாமலேயே மூன்று மாவட்டங்களில் வாழ்ந்துவிட்டார் எனலாம். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் அரவைப் பருவத்தில் கரும்பு வண்டிகள் எக்கரையிலிருந்து வருகின்றன என்று எவரும் கேட்பதில்லை. எல்லை என்பது கோப்புகளில்தான் உயிரோடிருக்கிறது என்று நாமும் பலகாலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் தவறு என்பதைப் பங்கு இல்லத்தின் முன்னறையில் ஒரு பெண்மணி எமக்குக் கற்பித்தார்.

அவர் பிறந்தது இவ்வூரன்று. நாம் முன்னர்ப் பணியாற்றிய வேறொரு பங்கைச் சேர்ந்தவர். கரும்பு வெட்டும் தொழிலாளியின் மகள். மணமாகி அவர் இவ்வூருக்கு வந்தார். சில ஆண்டுகளுக்குப்பின் ஆயரின் ஆணைப்படி நாமும் இங்கு மாற்றலாகி வந்தோம். ஒருநாள் மாலை, நெகிழி உறையொன்றில் பொதிந்த சான்றிதழ்களோடு வந்து, "சாமி, இதை நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்டார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுவே எம்மை அதிகம் வருத்தியது. நினைவு வந்தது. 2011இல் ஒரு ஞாயிறு திருப்பலியின் முடிவில், திருமண அறிவிப்புகளுக்கும் அன்பியக் கூட்ட அறிவிப்புக்கும் இடையே, ஒரு நோட்டீசை நாமே வாசித்திருந்தோம். வேலைக்குச் சென்றுகொண்டே பட்டம் பெறலாம். அருகிலுள்ள நகரில் படிப்பு மையம். தவணை முறையில் கட்டணம். பல்கலைக்கழகம் வேறு மாநிலத்தினது. போலியன்று, அம்மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்டதுதான். எனவே ஐயம் எழவில்லை. பங்கிலிருந்து சிலர் சேர்ந்தனர். அவர்களுள் மூன்றாண்டும் விடாது படித்துத் தேறியவர் இவர் ஒருவரே.

பின்னர் அரசுப் பணிக்கான எழுத்துத் தேர்வில் தேறிச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்பட்டார். உண்மைத்தன்மைச் சான்று கேட்டனர், பல்கலைக்கழகம் தந்தது. சான்றிதழ் உண்மையானது, மதிப்பெண்கள் உண்மையானவை, முத்திரையும் உண்மையானது. ஆயினும் பட்டம் ஏற்கப்படவில்லை. அவர் பயின்ற மையம், அப்பல்கலைக்கழகம் செயல்படத்தகும் நில எல்லைக்கு வெளியே இருந்தது என்பதே காரணம். "அப்படியென்றால் நான் படித்தது எங்கே போயிற்று, சாமி?" என்றார். அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தே நாம் இவ்வரலாற்றைப் பயின்றோம். வாசகர்கள் இல்லங்களிலும் இத்தகைய உறைகள் இருக்கக்கூடுமாதலால் அதனைப் பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் ஓர் ஒப்புதல். இக்கட்டுரையை எழுதும் நாமும் அஞ்சல்வழிப் பட்டதாரியே. குருமடத்தில் கற்பிக்கப்படும் மெய்யியலும் இறையியலும் திருப்பீடத்தின் அதிகாரத்தால் பட்டங்களாகின்றன. உரோமையிலும் மணிலாவிலும் அவை செல்லும். ஆனால் நம் நாட்டில் பட்டம் வழங்கும் உரிமை, 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 22ஆம் பிரிவின்படி, மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றம் தனியே அதிகாரமளித்த நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. ஆகவே எம் தலைமுறைக் குருமாணவர் பலர் இறையியல் நூல்களோடு ஒரு கலைப் பட்டத்தையும் அஞ்சலில் படித்தனர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து வரலாற்றுப் பாடங்கள் பழுப்பு நிறக் காகிதக் கட்டாக வந்து சேரும். குருமடத்து வாயிற்காவலர் அக்கட்டை எடைபோட்டுப் பார்த்து, "இந்த வாட்டி பாடம் கனமா இருக்குது, பிரதர்" என்பார். கட்டு எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வந்தது என்பது அந்நாளில் அஞ்சல்காரரின் கவலையாக மட்டுமே இருந்தது.

கல்வி எல்லை கடப்பது புதிதன்று. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அது பாடம் நடத்தும் இடமாக இல்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. அதன் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தவர். கடல் கடந்த தீவினர் இருவர் சென்னைப் பட்டத்தின் தலைப்பேறாக அமைந்ததை அன்று எவரும் எல்லை மீறலாகக் காணவில்லை. அதற்கு மறு ஆண்டே, 1858இல், இலண்டன் பல்கலைக்கழகம் தன் தேர்வுகளை எக்கல்லூரியிலும் சேராதவர்க்கும் திறந்துவிட்டது. 1865இல் அத்தேர்வு மொரீசியசுத் தீவில் நடந்தது. பின்னாளில் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்கள் இலண்டன் பட்டத்திற்கே படித்தனர். அரசு ஒன்றே, அதன் பேரரசு பரந்தது. எனவே எல்லைச் சிக்கல் எழவில்லை என்று கூறலாம். அது பாதி உண்மையே.

மறுபாதியை 1904இல் காண்கிறோம். கர்சன் பிரபு காலத்தில் இயற்றப்பட்ட இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் நில எல்லையையும் வரையறுக்கும் அதிகாரத்தைத் தலைமை ஆளுநருக்கு அளித்தது. கல்லூரி எங்கிருக்கிறதோ அதைப் பொறுத்தே அது எப்பல்கலைக்கழகத்தோடு இணையலாம் என்பது முடிவாகும். அச்சட்டத்தின் நோக்கத்தில் அரசியல் கலந்திருந்தது என்று அக்காலத் தேசியத் தலைவர்கள் கண்டித்தனர். எனினும் எல்லைக் கோட்டிற்கு ஒரு நியாயமும் இருந்தது. தொலைவிலுள்ள கல்லூரியை யார் சென்று பார்வையிடுவது? பார்வையிடாத கல்லூரியின் தரத்திற்கு யார் பொறுப்பு? இக்கேள்வி இன்றுவரை உயிரோடிருக்கிறது. பின்வரும் வழக்குகள் யாவும் அதன் வழித்தோன்றல்களே.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பு இப்பொறுப்பை இரண்டாகப் பகுத்தது. பல்கலைக்கழகத்தை நிறுவுவதும் கலைப்பதும் மாநிலப் பட்டியலில் 32ஆம் இனம். உயர்கல்வியின் தரத்தை ஒருங்கிணைத்து வரையறுப்பது மத்தியப் பட்டியலில் 66ஆம் இனம். கல்வி என்னும் பொதுப்பொருள் முதலில் மாநிலத்திடமே இருந்தது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குச் சென்றது. ஆகவே பல்கலைக்கழகத்தைப் பெற்றெடுப்பது மாநிலம். அதன் தரத்தை அளப்பது மத்திய அரசு. குழந்தை வீட்டிற்குள் இருக்கும்வரை இவ்வேற்பாட்டில் பெருங்குழப்பம் இல்லை. அடுத்த தெருவிற்கு விளையாடச் சென்றபோதுதான் யார் அழைத்து வருவது என்ற கேள்வி எழுந்தது.

1961இல் டி. எஸ். கோத்தாரி தலைமையிலான வல்லுநர் குழுவின் பரிந்துரைப்படி, 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இப்பணியில் இறங்கின. 1982இல் ஐதராபாத்தில் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. இந்நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அது. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அமைந்தது. நாடாளுமன்றத்தின் படைப்பாதலால் அதற்கு நாடு முழுவதும் எல்லை. ஏனைய மாநிலங்களின் திறந்தநிலைக் கல்விக்கும் தரம் வகுக்கும் கடமை அதனிடமே ஒப்படைக்கப்பட்டது. அதற்கென 1991இல் தொலைநிலைக் கல்வி மன்றம் அதன் உள்ளேயே நிறுவப்பட்டது. தானும் பந்தயத்தில் ஓடிக்கொண்டே பிறர் ஓட்டத்திற்கு நடுவராகவும் இருப்பது எத்துணை நல்லவர்க்கும் கடினம். இம்மன்றத்தின் பிற்கால இடர்களுக்கு வேறு காரணங்களும் உண்டெனினும், பிறவியிலேயே இக்குறை இருந்தது என்பது எம் கருத்து.

1995 மார்ச் முதல் நாள் மத்திய அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியாயிற்று. தொலைநிலைக் கல்வியால் பெற்ற தகுதிகள் மத்திய அரசுப் பணிக்குச் செல்ல வேண்டுமாயின் மேற்சொன்ன மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் சாரம். அரசிதழை யார் படிக்கிறார்கள்? கல்வராயன் மலையடிவாரத்துக் குடும்பமொன்று மகளைப் பட்டப்படிப்பில் சேர்க்குமுன் அரசிதழைப் புரட்டும் என்று எதிர்பார்க்கலாமா? நோட்டீசை வாசித்த பங்குத்தந்தையே புரட்டவில்லை.

இதே காலத்தில்தான் அஞ்சல் உறை மெல்ல மறைந்து 'மையம்' தோன்றிற்று. இம்மாற்றமே நம் வரலாற்றின் திருப்பம். பாடக்கட்டு அஞ்சலில் வரும்வரை பல்கலைக்கழகம் தன் வளாகத்தை விட்டு எங்கும் செல்லவில்லை. சென்றது காகிதம் மட்டுமே. மையம் திறந்தபோது பல்கலைக்கழகமே எல்லை கடந்தது. தட்டச்சுப் பயிலகங்களும் கணினிப் பயிலகங்களும், ஜவுளிக்கடையின் மாடியறைகளும் படிப்பு மையங்களாயின. மாணவர் செலுத்தும் கட்டணத்தில் மையத்திற்கு ஒரு பங்கு. சேர்க்கை பெருகப் பெருக அப்பங்கும் பெருகும். சேர்ப்பவருக்கு ஊதியம் தலையெண்ணிக்கையால் வரும்போது, சேர்வோரின் தகுதியையும் பட்டத்தின் செல்லுபடியையும் எடுத்துரைக்க எவருக்கு ஆர்வம் இருக்கும்? நல்ல மையங்களும் இருந்தன என்பதை மறுக்கவில்லை. ஞாயிறுதோறும் பேருந்தேறிச் சென்று உண்மையிலேயே கற்பித்த ஆசிரியர்களை நாம் அறிவோம்.

மாநில அரசுகளும் இவ்வோட்டத்தில் பின்தங்கவில்லை. புதிதாகப் பிறந்த சத்தீஸ்கர் மாநிலம் 2002இல் தனியார் பல்கலைக்கழகச் சட்டமொன்றை இயற்றியது. அரசிதழ் அறிவிக்கை ஒன்றாலேயே பல்கலைக்கழகம் பிறந்துவிடும். சிறிது காலத்திற்குள் நூற்றுக்கும் மேற்பட்டவை பிறந்தன. கட்டடமும் ஆசிரியரும் இல்லாதவை பல. மாநிலத்திற்கு வெளியேயும் மையம் திறக்கச் சட்டம் இடந்தந்தது. அறிவியலறிஞர் யஷ்பால் உச்சநீதிமன்றத்தை நாடினார். 2005 பிப்ரவரி 11இல் தலைமை நீதிபதி ஆர். சி. லகோத்தி உள்ளிட்ட மூவர் அமர்வு, அச்சட்டத்தின் 5, 6 ஆகிய பிரிவுகளைச் செல்லாதவை என அறிவித்தது. அப்பிரிவுகளால் எழுந்த பல்கலைக்கழகங்களும் அவற்றோடு மறைந்தன. நமக்கு வேண்டிய வாதம் இதுவே: அரசியலமைப்பின் 245ஆம் பிரிவின்படி மாநிலச் சட்டமன்றம் தன் மாநிலத்திற்குத்தான் சட்டம் இயற்ற முடியும், எனவே அச்சட்டம் பெற்ற பல்கலைக்கழகம் அம்மாநிலத்திற்கு வெளியே மையம் திறக்க அதே சட்டம் அதிகாரம் தர இயலாது. எளிய தருக்கம். ஊற்று எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அதற்கு மேல் நீர் ஏறாது.

அத்தீர்ப்பில் ஒரு கனிவும் இருந்தது. ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த மாணவர் நலன் கருதி, அவர்தம் நிறுவனங்களை மாநிலத்திலுள்ள பழைய பல்கலைக்கழகங்களோடு இணைக்க அரசு ஆவன செய்யலாம் என நீதிபதிகள் வழிகாட்டினர். இக்கனிவை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். பின்னர் இது அரிதாயிற்று.

2009இல் நம் மாநிலத்துக்கு அண்மையான வழக்கொன்று முடிந்தது. இளங்கலைப் பட்டம் பெறாமலேயே திறந்தநிலை முறையில் முதுகலைப் பட்டம் பெற்றவர் அரசின் திரைப்படக் கல்வி நிறுவனத்தில் முதல்வராக அமர்த்தப்பட்டதைப் பற்றிய வழக்கு அது. பட்டம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தினது. மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு விதிகள் திறந்தநிலைக் கல்வியையும் கட்டுப்படுத்தும், தொலைநிலைக் கல்வி மன்றம் பின்னாளில் தந்த ஒப்புதலும் அக்குறையைத் தீர்க்காது என்றது உச்சநீதிமன்றம். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறாமல் திறந்தநிலையில் பெற்ற பட்டங்கள் அரசுப் பணிக்கு ஏற்கப்படா என ஆணையிட்டது. மலைக்கிராமங்களில் பள்ளியை இடையில் விட்டவர்க்கு அஃதொரு கதவாக இருந்தது, அது மூடிற்று. தரத்தை நோக்கின் ஆணை சரியே. ஆயினும் கதவைத் திறந்தவர் வேறு, மூடியவர் வேறு, இடையில் நின்றவர் வேறு. இறுதியில் அடிபட்டவர் இடையில் நின்றவரே.

2012 டிசம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் தொலைநிலைக் கல்வியை மேற்பார்க்கும் பொறுப்பை மானியக் குழுவிடம் மாற்றியது. 2013 மே திங்களில் தொலைநிலைக் கல்வி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த திங்களே, ஜூன் 27இல், மானியக் குழு பொது அறிவிப்பொன்றை வெளியிட்டது. மாநிலப் பல்கலைக்கழகம் தன்னைத் தோற்றுவித்த சட்டத்தின் எல்லைக்குள்ளேயே, எவ்வாறாயினும் மாநிலத்துக்குள்ளேயே, செயல்பட வேண்டும். அது தேர்ந்தெடுத்த தனியார் மையங்களின் வாயிலாகப் பிற மாநிலங்களில் பாடம் நடத்தலாகாது. நம் பெண்மணி மூன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நேரம் அது. அவர் மையத்தின் பெயர்ப்பலகை அதன் பின்னரும் சில காலம் தொங்கிக்கொண்டிருந்தது. மையத்தார் எவர்க்கும் எதுவும் சொல்லவில்லை. இறுதித் தவணையை மட்டும் தவறாது பெற்றுக்கொண்டனர்.

2017ஆம் ஆண்டு இரு வகையில் குறிப்பிடத்தக்கது. ஜூனில் மானியக் குழு திறந்தநிலை மற்றும் தொலைநிலைக் கல்விக்கென முழுமையான ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. மையங்களைக் குத்தகைபோல் தனியாரிடம் விடுதல் தடுக்கப்பட்டது. நவம்பர் 3இல் உச்சநீதிமன்றம் மற்றொரு தீர்ப்பு வழங்கியது. உரிய ஒப்புதலின்றித் தொலைநிலையில் பொறியியல் பட்டம் வழங்கிய நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைப் பற்றியது அது; சேலத்தின் விநாயகா மிஷன் ஆராய்ச்சி நிறுவனமும் அவற்றுள் ஒன்று. 2001 முதல் 2005 வரை சேர்ந்தோரின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன; தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் தேர்வில் தேறினால் மீளலாம். அதன்பின் சேர்ந்தோரின் பட்டங்கள் நீக்கப்பட்டன. அவர்கள் செலுத்திய கட்டணத்தைப் பல்கலைக்கழகங்கள் 2018 மே இறுதிக்குள் திருப்பித்தர வேண்டும் என்றனர் நீதிபதிகள் ஏ. கே. கோயலும் யு. யு. லலித்தும். பின்தேதியிட்டு ஒப்புதல் வழங்கிய அலுவலர்களைப் பற்றி மத்தியப் புலனாய்வு விசாரணைக்கும் ஆணையிட்டனர்.

கட்டணத்தைத் திருப்பித்தரச் சொன்னதை நாம் பெரிதும் மதிக்கிறோம். பிழைக்குப் பொருட்செலவு உண்டு, அச்செலவு பிழை செய்தவரையே சேர வேண்டும் என்பதை அத்தீர்ப்பு ஏற்றது. ஆனால் அது ஒரு வழக்கின் தரப்பினருக்கே உரியது. வழக்காடாத கலைப் பட்டதாரிகளுக்கு யார் திருப்பித் தருவார்? ஆண்டுகளை யாராலும் திருப்பித் தர இயலாது என்பது வேறு. 2022 மார்ச்சில் மானியக் குழு மற்றோர் அறிவிப்பு விடுத்தது: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014–15ஆம் கல்வியாண்டு வரையே அங்கீகாரம் இருந்தது, அதற்குப் பின்னான சேர்க்கை செல்லாது என்பது அதன் பொருள். 1929இல் தோன்றி, நம் தென்னார்க்காட்டுப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் என்ற சொல்லின் பொருளாகவே இருந்த நிறுவனம் அது. அத்தகைய பெயரே ஒருவரைக் காக்காதெனில், தவணை கட்டிப் படிக்கும் பிள்ளை எதை நம்புவது? (அங்கீகாரம் ஆண்டுக்காண்டு, படிப்புக்குப் படிப்பு மாறுவது, ஆதலால் பழைய அறிவிப்பை வைத்து இன்றைய நிலையை எவரும் முடிவு செய்யலாகாது.)

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் இதே சிக்கல் உண்டு. அங்கும் பட்டம் வழங்கும் அனுமதி மாநிலத்தினுடையது. இணையவழிக் கல்வி பெருகிய நாளில், ஒரு கல்லூரி வேறு மாநில மாணவரைச் சேர்த்தால் அம்மாநிலத்தின் அனுமதியையும் பெற்றிருக்க வேண்டும் என்று 2010 அக்டோபரில் கூட்டரசு விதி வகுத்தது. நீதிமன்றம் பின்னர் அவ்விதியை நிறுத்தியது. ஐம்பது மாநிலங்களிடமும் தனித்தனியே அனுமதி கேட்டலையும் சுமையை எண்ணிய மாநிலங்கள், தமக்குள் ஒருவரையொருவர் ஏற்கும் உடன்படிக்கையொன்றைச் செய்துகொண்டன. 2018க்குள் கலிபோர்னியா நீங்கலாக 49 மாநிலங்கள் அதில் சேர்ந்தன. ஒரு மாநிலம் தன் கல்லூரிக்குப் பொறுப்பேற்றால், ஏனையவை அதன் சொல்லை நம்பும். இதிலும் குறைகள் உண்டு. தளர்ந்த மேற்பார்வையுள்ள மாநிலத்தின் சொல்லையும் நம்ப வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் மாநிலங்கள் தமக்குள் பேசி இத்தகைய உடன்பாட்டிற்கு வரவில்லை. தில்லி வரைந்த கோடே விடையாயிற்று.

இக்கோட்டினால் தமிழர்க்கு நேரும் தனித்த இழப்பொன்றை இங்கே கூறியாக வேண்டும். இவ்வட்டாரத்திலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் கட்டடவேலைக்குப் பெங்களூர் செல்வோர் பலர். தாராவியிலும் கோலார் தங்கவயலிலும் தலைமுறைகளாகத் தமிழர் வாழ்கின்றனர். தமிழில் பட்டப்படிப்புப் படிக்க விழையும் பெங்களூர்த் தொழிலாளிக்கு, 2002இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அவர் இருக்கும் ஊரில் மையம் திறக்க இயலாது. தடை மாணவருக்கன்று, மையத்துக்கே என்பர் அலுவலர். உண்மைதான், ஆனால் ஞாயிறு வகுப்புக்கு ஓசூர் வரை வந்துசெல்லும் பேருந்துச் செலவும் ஒருநாள் கூலியும் மாணவருடையவை. மொழியின் எல்லையும் மாநிலத்தின் எல்லையும் ஒன்றெனக் கருதி வரையப்பட்ட கோடு இது. 1956இன் மாநிலச் சீரமைப்பு அவ்விரண்டையும் நெருங்கிவரச் செய்ததே தவிர, ஒன்றாக்கவில்லை. பிற மாநிலத்திலுள்ள மொழிச் சிறுபான்மையினருக்கென, அரசே நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கேனும், கண்காணிப்புடன் கூடிய விலக்களிப்பதில் என்ன தீங்கு நேரும் என்று நமக்குப் புரியவில்லை.

மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகள் ஒரு விந்தையையும் உருவாக்கின. தொலைநிலைக் கல்விக்கு எல்லை உண்டு. அங்கீகாரம் பெற்ற இணையவழிக் கல்விக்கு எல்லை இல்லை. பாடம் திரையில் வந்தால் குமரி முதல் காசுமீரம் வரை செல்லும். ஆசிரியர் நேரில் வந்து ஒரு மையத்தில் கற்பித்தால் ஆற்றுப்பாலத்தோடு நின்றுவிட வேண்டும். நல்ல இணைப்பும் கருவியும் உடையவர்க்கு எல்லை அகன்றது. கல்வராயன் மலையில் இணைப்புத் தேடிப் பாறைமேல் ஏறும் பிள்ளைக்கு அது அகன்றதாகத் தெரியவில்லை.

எல்லையே வேண்டாம் என்பது நம் வாதமன்று. மாடியறைப் பல்கலைக்கழகங்களைக் கண்ட பின்னர் அப்படிக் கூற மனம் வராது. பொறுப்பாளர் யார் என்பது தெரியும் இடத்தில்தான் தரம் நிற்கும். நில எல்லை அதற்கொரு வழி. நம் மனக்குறை வேறு. ஒழுங்குமுறை அமைப்புகள் பல்கலைக்கழகத்தோடு பேசின, அமைச்சகத்தோடு பேசின, நீதிமன்றத்தில் வாதிட்டன; மாணவரோடு பேசியது நாளிதழின் உட்பக்கத்து அறிவிப்பு ஒன்றால் மட்டுமே. மையத்தின் கதவில் ஒரு தாளை ஒட்டியிருந்தால் போதும். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து ஒட்டியிருக்கலாம். எவர்க்கும் அது தோன்றவில்லை.

அப்பெண்மணியிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். "நீங்கள் என்ன செய்வீர்கள் சாமி, நல்லதுக்குத்தானே சொன்னீர்கள்" என்றார். நல்லெண்ணத்தோடு வாசித்தோம் என்பது உண்மை. விசாரியாமல் வாசித்தோம் என்பதும் உண்மை. பீடத்தினருகில் நின்று வாசிக்கப்படுவதற்கு மக்கள் தரும் நம்பிக்கையை அச்சுக்காகிதம் ஒன்றிற்கு நாம் கடனாகக் கொடுத்துவிட்டோம். அவர் பின்னர்த் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டிலிருந்தே மீண்டும் தொடங்கினார். பழைய மதிப்பெண்களில் ஒன்றும் கணக்கிற்கு வரவில்லை. இரு பிள்ளைகளுக்குத் தாயாகி, மூன்றாண்டு படித்துத் தேறினார். முன்பு தேறிய தேர்வின் பணி வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்த தேர்வுக்கு இப்போது ஆயத்தம் செய்து வருகிறார்.

2022 செப்டம்பரில் மானியக் குழு, அங்கீகரிக்கப்பட்ட தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேர்முகக் கல்லூரிப் பட்டங்களுக்குச் சமமானவை என்று அறிவித்தது. அச்செய்தி வந்த நாளிதழ்ப் பக்கத்தை வெட்டி அவரே கொண்டுவந்து கொடுத்தார். பங்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். 'அங்கீகரிக்கப்பட்ட' என்ற சொல்லின் கீழ் அவர் பேனாவால் இருமுறை கோடிட்டிருந்தார்.

சென்ற திங்களில் ஒருவர் கையில் நோட்டீசோடு திருப்பலிக்கு முன் வந்தார். இணையவழிப் பட்டம், வேறு மாநிலப் பல்கலைக்கழகம். அடுத்த ஞாயிறு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, மானியக் குழுவின் அவ்வாண்டுப் பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயரையும், அப்படிப்பின் பெயரையும், சேர்க்கைக்குரிய பருவத்தையும் அப்பெண்மணியின் துணையோடு தேடினோம். பல்கலைக்கழகம் இருந்தது, அப்படிப்பு இல்லை. நோட்டீசை வாசிக்கவில்லை.